பிறந்த முதல் 24 மணி நேரத்தில் ஓர் அதிசயம்! ஹெபடைடிஸ் பி பற்றி இதெல்லாம் தெரியுமா?

பிறந்து சில மணி நேரமே ஆன சிசு. அதன் தொடையில் அரை மில்லிலீற்றர் மருந்து ஏறுகிறது. பிள்ளை ஒருதரம் வீரிட்டு அழுகிறது, பிறகு பால் குடித்துவிட்டுத் தூங்கிப் போகிறது. நடந்தது அவ்வளவுதான்! ஆனால் நாற்பது வயதில் அந்தப் பிள்ளையைத் தேடி வரக்கூடிய ஈரல் புற்றுநோயை, அந்த அரை மில்லிலீற்றர் இன்றே வழியில் மறித்துவிடுகிறது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் சத்தமின்றித் தாவும் ஹெபடைடிஸ் பி வைரசின் கதையில் வியப்புக்குக் குறைவே இல்லை. சென்னை, தாய்வான், ஹைதராபாத் என்று சுற்றி மானிப்பாய்க்கும் இணுவிலுக்கும் வந்து சேரும் கதை இது. வாசியுங்கள்!

1. எத்தனை வயதில் தொற்றுகிறது என்பதுதான் விதியைத் தீர்மானிக்கிறது, தெரியுமா?

வளர்ந்த ஒருவருக்கு இந்த வைரஸ் தொற்றினால், 100 பேரில் 95 பேருக்கு மேல் தாங்களாகவே அதை விரட்டிவிடுகிறார்கள். பிறக்கும் வேளையில் தொற்றினால் நிலைமை தலைகீழ்! 100 சிசுக்களில் 90 பேருக்கு அது ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறது. சிசுவின் நோயெதிர்ப்புச் சக்தி இன்னும் பழகவில்லை. வந்தவன் எதிரி என்று அதற்குத் தெரிவதில்லை. காய்ச்சல் இல்லை, செங்கண்மாரி இல்லை, ஓர் அறிகுறியும் இல்லை. பிள்ளை ஓடியாடி வளரும், பள்ளிக்கூடம் போகும், கல்யாணம் கட்டும். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் ஈரல் சுருங்கும் நோயோ புற்றுநோயோ தலைகாட்டும்.

2. இந்த வைரஸ் தனக்கென்று ஒரு கூட்டத்தையே உருவாக்கி அதற்குள் ஒளிந்துகொள்கிறது, தெரியுமா?

இந்த வைரசின் குறுக்களவு வெறும் 42 நனோமீற்றர். அதன் மரபுக் குறிப்பில் ஏறத்தாழ 3,200 எழுத்துகள். நமக்கோ 300 கோடிக்கு மேல்! இவ்வளவு சிறிய ஒன்று என்ன தந்திரம் செய்கிறது பாருங்கள். தன் மேலுறையை மட்டும், உள்ளே சரக்கில்லாத வெறுங்கோதுகளாக, ஓர் உண்மை வைரசுக்கு ஆயிரம் முதல் இலட்சம் வரை என்று இரத்தத்தில் மிதக்க விடுகிறது. நல்லூர்த் தேரன்று வீதியில் திரளும் சனத்துக்குள் ஒருவன் மறைந்து நடப்பதுபோல, உண்மையான வைரஸ் அந்த வெறுங்கோதுகளுக்கு நடுவே தப்பித் திரிகிறது. இரத்தப் பரிசோதனையில் தேடப்படுவதும் இந்த மேலுறைப் புரதத்தைத்தான். கள்ளனின் தந்திரமே கள்ளனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது!

3. இந்தத் தடுப்பூசியைத் தருவது ஈஸ்ட், தெரியுமா?

ஆம்! பாணைப் பொங்க வைக்கிற, கள்ளில் நுரைக்கிற, கள் விட்டுப் புளிக்க வைத்த அப்பமாவை உப்ப வைக்கிற அதே ஈஸ்ட் இனம். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தடுப்பூசியை, நோய் தங்கியிருந்தவர்களின் இரத்தத்திலிருந்துதான் பிரித்தெடுத்துச் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. பிறகு விஞ்ஞானிகள் வைரசின் மேலுறைக்குரிய ஒரேயொரு மரபணுவை எடுத்து ஈஸ்டுக்குள் வைத்தார்கள். ஈஸ்ட் அந்த வெறுங்கோதை வஞ்சகமின்றி உற்பத்தி செய்து தள்ளியது! 1986-இல் அனுமதி பெற்ற அந்தத் தடுப்பூசி, மரபணுத் தொழில்நுட்பத்தால் மனிதருக்கென உருவான முதல் தடுப்பூசி. அதில் வைரஸ் கிடையாது. அதன் சட்டை மட்டுமே உண்டு. ஊசியால் நோய் வந்துவிடுமோ என்ற பயத்துக்கு இங்கே இடமே இல்லை.

4. வைரஸ் உடம்புக்குள் போன பிறகும் ஊசி அதை முந்திவிடும், தெரியுமா?

தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவது பெரும்பாலும் பிரசவ நேரத்தில், இரத்தமும் நீரும் பிள்ளைமேல் படும்போது. அப்படியென்றால் பிறந்த பிறகு போடும் ஊசியால் என்ன பயன்? இங்கேதான் அதிசயம்! இந்த வைரஸ் மிக மெதுவாக நகர்வது. தொற்றி நோயாக வெளிப்பட 30 முதல் 180 நாட்கள் எடுக்கும். 24 மணி நேரத்துக்குள் போட்ட ஊசியோ சில வாரங்களில் உடம்பைத் தயார்படுத்திவிடும். பந்தயத்தில் ஊசி வெல்ல வேண்டுமென்றால், அது நேரத்தோடு கிளம்பியிருக்க வேண்டும். அதனால்தான் உலக சுகாதார ஸ்தாபனம் 24 மணி நேரம் என்று கண்டிப்பாகச் சொல்கிறது. நாளைக்குப் பார்ப்போம், வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை.

5. சில பிள்ளைகளுக்கு இரண்டு தொடையிலும் ஊசி போடுவார்கள், தெரியுமா?

தாயின் இரத்தத்தில் வைரஸ் இருப்பது தெரிந்தால், ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின். முதலாவது, எதிர்ப்பொருளை நீயே செய்துகொள் என்று பிள்ளையின் உடம்புக்குச் சொல்லிக் கொடுக்கிறது. இரண்டாவதோ, வேறு மனிதர்கள் கொடுத்த இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளை ஆயத்தமாகவே கொண்டுவந்து கொடுக்கிறது. முகம் தெரியாத ஒருவரின் உடம்பு உண்டாக்கிய காவல், நம் ஊர்ச் சிசுவைக் காக்கிறது! ஒன்றையொன்று முடக்காதிருக்கத்தான் வேறு வேறு தொடை. இதைப் பிறந்து 12 மணி நேரத்துக்குள் போடுவது சிறப்பு.

கணக்கைக் கேளுங்கள். தாயின் இரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருந்து, ஒன்றும் செய்யாமல் விட்டால், 100 பிள்ளைகளில் 70 முதல் 90 பேருக்குத் தொற்றும். இரண்டு ஊசியும் நேரத்துக்குப் போட்டு, மீதி ஊசிகளையும் தவறாமல் முடித்தால், அது பத்துக்கும் கீழே இறங்கிவிடும்!

6. தாய் விழுங்கும் ஒரு குளிசையால் அந்தப் பத்தும் கிட்டத்தட்டப் பூச்சியமாகும், தெரியுமா?

மருந்தின் பெயர் டெனோஃபோவிர். வைரஸ் அளவு மில்லிலீற்றருக்கு 2 இலட்சம் அலகைத் தாண்டிய தாய்மாருக்குக் கர்ப்ப காலத்திலேயே, வைத்தியரின் ஆலோசனைப்படி, தினம் ஒன்று. சீனாவில் 200 தாய்மாரைக் கொண்டு செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தைக் கடைசிவரை சரியாக எடுத்தவர்களின் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை! எடுக்காதவர்களின் பிள்ளைகளிலோ 100-க்கு 7. ஊசிகள் இரு பக்கமும் போடப்பட்டிருந்தன. வித்தியாசத்தைக் காட்டியது குளிசைதான்.

7. தாய்ப்பால் கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம், தெரியுமா?

எத்தனை தாய்மார் இந்தப் பயத்தில் கண்ணீர் விட்டிருப்பார்கள்! ஊசி போட்ட பிள்ளைக்குத் தாய்ப்பாலால் ஆபத்து இல்லை. இந்த நோய்க்காக மட்டும் வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. தாயையும் பிள்ளையையும் பிரித்து வைக்கவே கூடாது.

8. அப்பாவும் கவனிக்கப்பட வேண்டியவர், தெரியுமா?

எல்லாப் பழியையும் தாய்மேல் போடுவது நம் சமூகத்துக்குப் பழகிப்போனது. இந்த வைரசுக்கு அம்மா, அப்பா என்ற பேதம் இல்லை. உலர்ந்த இரத்தக் கறையில்கூடக் குறைந்தது 7 நாட்கள் அது உயிரோடு கிடக்கும்! அப்பாவின் சவர பிளேட், ஒரே நகவெட்டி, ஒரே பற்தூரிகை, மூடாத காயம் என்று வீட்டுக்குள்ளேயே அது பிள்ளையைத் தேடி வரலாம். ஐந்து வயதுக்குள் தொற்றுவது ஆபத்தானது என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே இருவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்; தொற்று இல்லாதவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

எதனால் பரவாது என்பதையும் உரக்கச் சொல்ல வேண்டும். ஒரே கோப்பையில் சாப்பிடுவதால் பரவாது. கட்டியணைப்பதால், முத்தம் கொடுப்பதால், பக்கத்தில் படுப்பதால் பரவாது. தொற்றுள்ளவருக்குத் தனித் தட்டும் தனிக் கோப்பையும் வைப்பது கொடுமை மட்டுமல்ல, மருத்துவ ரீதியில் அர்த்தமும் இல்லாதது.

9. பச்சைக் குழந்தையின் மஞ்சள் வேறு, இது வேறு, தெரியுமா?

நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் வாரத்தில் உடம்பு மஞ்சளாகத் தெரியும். அது பெரும்பாலும் இயல்பானது. கூடினால் ஆஸ்பத்திரியில் நீல ஒளியின் கீழ் வைத்துக் குறைப்பார்கள். அதற்கும் ஹெபடைடிஸ் பிக்கும் சம்பந்தம் இல்லை. மாறாக, இந்த வைரஸ் தொற்றிய சிசு பெரும்பாலும் அதனால் மஞ்சளாக மாறாமல் அழகாகச் சிரித்துக்கொண்டிருக்கும்! கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும் வரும் செங்கண்மாரிக்குக் காரணம் ஹெபடைடிஸ் ஏயும் ஈயும். பி பரவுவது இரத்தத்தாலும் உடற் திரவங்களாலும் மட்டுமே.

10. நம் முற்றத்துக் கீழ்காய்நெல்லி நோபல் விஞ்ஞானியைச் சென்னையோடு இணைத்தது, தெரியுமா?

வைரசைக் கண்டுபிடிக்க வழி திறந்தவர் அமெரிக்கரான பரூக் புளும்பேர்க். உலகெங்கும் இரத்த மாதிரிகளைச் சேர்த்துக்கொண்டு போனவர், 1960-களில் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் இரத்தத்தில் விசித்திரமான ஒரு புரதத்தைக் கண்டார். அதுதான் பிற்பாடு இந்த வைரசின் மேலுறை என்று தெரிந்தது! 1976-இல் நோபல் பரிசு. அவர் பிறந்த யூலை 28-தான் இன்று உலக ஹெபடைடிஸ் தினம்.

அந்தப் பெரிய மனிதரின் கவனம் இலைக்காம்பின் கீழே வரிசையாகக் குட்டிக் காய்களைத் தொங்கவிட்டு நிற்கும் கீழ்காய்நெல்லியில் விழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனோடும் மற்றவர்களோடும் சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1988-இல் லான்செட் இதழில் வந்தது. மூலிகை எடுத்த 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் புரதம் இரத்தத்தில் காணாமல் போனது. வெற்றுக் குளிசை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் போனது. உலகமே நிமிர்ந்து பார்த்தது! ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே கீழ்காய்நெல்லியை அரைத்து மோரில் குடித்துவிட்டோம், ஊசி தேவையில்லை என்று எவரும் இருந்துவிடக் கூடாது. சிசுவைக் காப்பது ஊசிதான்.

11. உலகின் முதலாவது புற்றுநோய்த் தடுப்பூசி இதுதான், தெரியுமா?

தாய்வானில் பாமர் பீஸ்லி என்ற வைத்தியர் 22,707 ஆண்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார். வைரஸ் தங்கியிருந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 200 மடங்குக்கும் அதிகம் என்று 1981-இல் அறிவித்தார். தாய்வான் தாமதிக்கவில்லை. 1984-இல் தொற்றுள்ள தாய்மாரின் சிசுக்களுக்கும், 1986-இல் எல்லாச் சிசுக்களுக்கும் ஊசி தொடங்கியது. பலன்? 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே ஈரல் புற்றுநோய் இலட்சத்துக்கு 0.70 இலிருந்து 0.36 ஆகச் சரிந்தது! ஓர் ஊசியால் புற்றுநோய் பாதியாகக் குறைந்ததை மனிதகுலம் முதன்முறையாகக் கண்டது அங்கேதான்.

சீனாவின் கணக்கும் அசத்தல்தான். 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளில் 1992-இல் 100-க்கு ஏறத்தாழ 10 பேரிடம் இருந்த வைரஸ், 2014-இல் 1000-க்கு 3 பேராகச் சுருங்கியது. மனிதரோடு 10,000 ஆண்டுகளாகக் கூடவே வந்திருக்கும் வைரஸ் இது என்று பழங்கால எலும்புகளின் மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. அவ்வளவு பழைய எதிரி, இருபத்திரண்டே வருடங்களில் இப்படி ஒடுங்கிப் போனது!

12. இந்த ஊசிக்கு வெயிலைவிடக் குளிர்தான் பெரிய எதிரி, தெரியுமா?

யாழ்ப்பாணத்துப் பங்குனி வெயிலை நினைத்துக் கவலைப்படுவோம். தடுப்பூசியை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும்தான். ஆனாலும் சில நாள் வெயிலை அது தாங்கிவிடும். உறைந்துவிட்டால் அவ்வளவுதான், கெட்டுப்போகும்! உறைந்து உருகிய குப்பியைக் குலுக்கி வைத்தால், உள்ளே திப்பி திப்பியாகப் பிரிந்து விரைவாக அடியில் படியும். தடுப்பூசிப் பெட்டியில் குப்பிகள் ஐஸ் கட்டியோடு ஒட்டாதபடி அத்தனை கவனமாக வைக்கப்படுவது அதனால்தான்.

விலையிலும் ஓர் அதிசயம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து ஏழைக்கு எட்டாமலிருந்த இந்த ஊசியை, ஹைதராபாத்தில் வரபிரசாத் ரெட்டி தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் இந்தியாவிலேயே தயாரித்து இறக்கியது. விலை பல மடங்கு சரிந்தது, ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் எட்டியது!

13. பிரசவ மருத்துவம் தமிழில் அச்சானது 1857-இல், தெரியுமா?

அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தினார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். மோன்செல் எழுதிய பிரசவ மருத்துவ நூல் 1857-இல் தமிழில் வந்தது! 1898-இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்றே மக்லியொட் ஆஸ்பத்திரி எழுந்தது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வேர் 1850-இல் இருக்கிறது, யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978-இல் உதித்தது. தாயையும் சிசுவையும் காக்கும் அறிவு இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

14. தடுப்பு மருந்துக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்த மண் இது, தெரியுமா?

1990-களில் போர் உக்கிரமாக நடந்தபோதும், போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களுக்காகச் சண்டை நிறுத்தப்பட்டது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993-இல்! ஹெபடைடிஸ் பி ஊசி 2003 முதல் கட்டம் கட்டமாகத் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. 2008-இல் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசிக்குள் அதுவும் அடங்கியது. அதே ஆண்டு சில சந்தேகங்கள் எழுந்தபோது ஊசியை நிறுத்திவைத்து, நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, 2010-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்று 2, 4, 6 மாதங்களில் பிள்ளைகளுக்கு அது கிடைக்கிறது; நாட்டில் 100-க்கு 99 பிள்ளைகள் மூன்றையும் போட்டு முடிக்கிறார்கள். எத்தனையோ பணக்கார நாடுகளால் எட்ட முடியாத எண்ணிக்கை இது!

15. இன்னும் ஒரு படிதான் பாக்கி, தெரியுமா?

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்துவிட்ட நாடு என்று இலங்கையை உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் ஏற்றுக்கொண்டது. கிளினிக்கில் முதல் வருகையிலேயே எடுக்கும் இரத்தம்தான் அந்த வெற்றிக்கு அடி. 2025 ஒக்டோபரில் நம் அயல்நாடான மாலைதீவு அந்த இரண்டோடு ஹெபடைடிஸ் பியையும் சேர்த்து மூன்றையும் ஒழித்த முதல் நாடானது! அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறந்த அன்றே ஹெபடைடிஸ் பி ஊசி அட்டவணையில் இருக்கிறது. இலண்டனில் வாழும் நம் உறவுகளுக்கு 2000-ஆம் ஆண்டு முதல் கர்ப்ப காலத்தில் இந்தப் பரிசோதனை வழமை. இலங்கை அட்டவணையிலோ பிறந்தவுடன் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடப்பட்டு வந்தது காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.; ஹெபடைடிஸ் பி தொடங்கி வந்தது இரண்டாம் மாதத்தில். தொற்றுள்ள தாயின் பிள்ளை அந்த இரண்டு மாதம் காத்திருக்க முடியாது. பிறக்கும் அறையிலேயே தனி ஊசி ஆயத்தமாக இருக்க வேண்டும். அதற்குத் தாயின் நிலை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்!

அதனால் வாசகர்களே, இதைச் செய்யுங்கள். பிள்ளை உண்டாகியிருப்பது தெரிந்தவுடன் கிளினிக்கில் பதியுங்கள். ஹெபடைடிஸ் பிக்கும் இரத்தம் பார்க்கலாமா என்று வைத்தியரிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குடும்பத்தில் எவருக்காவது ஈரல் நோயோ ஈரல் புற்றுநோயோ இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தொற்று இருப்பது தெரிந்தால் அந்த முடிவைக் கர்ப்பவதிப் பதிவேட்டில் எழுதுவித்து, பிரசவத்துக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய்ப் பிரசவ விடுதியில் முதல் வேலையாகக் காட்டுங்கள். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டியவர்கள் நாள் நெருங்கும் முன்பே ஆயத்தமாகுங்கள். 2, 4, 6 மாத ஊசிகளைத் தவறவிடாதீர்கள். தாய்க்குத் தொற்று இருந்திருந்தால், 9 முதல் 12 மாதத்துக்குள் பிள்ளையின் இரத்தத்தைப் பார்த்து, தப்பிவிட்டது என்ற நல்ல செய்தியை உங்கள் காதாலேயே கேளுங்கள். இன்றைக்கு உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு கர்ப்பவதி இருந்தால், இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறக்கும் முன் ஒரு பரிசோதனை, பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஓர் ஊசி: தொற்றுள்ள தாயின் பிள்ளையைக் காக்கத் தொடங்க வேண்டியது இங்கேதான்.